ஜக்கரியா பாய் ஊதக் கூடாத விசில்

கதவு செய்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் பழியை மழைக்காலத்தின் மேல் போட்டுவிடலாம். கட்டில் கிறீச்சிட்டால் உங்கள் வீட்டுத் தரை சமமில்லை என்று சொல்லிவிடலாம். விசிலுக்கு அப்படி எந்தச் சாக்கும் கிடையாது. ஊதினால் சத்தம் வர வேண்டும். வந்தால் ஊருக்கே கேட்கும். வராவிட்டால் ஊதுகிறவன் முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள்.

உங்களுக்கும் ஒரு நண்பர் இருப்பார். தானே ஒரு பொருளைச் செய்து உங்கள் கையில் வைத்து, "சும்மா பாத்துச் சொல்லுங்க" என்பார். ஊறுகாயாக இருக்கலாம், கவிதையாகக்கூட இருக்கலாம். நல்லா இருக்கு என்றால் நம்ப மாட்டார். நல்லா இல்லை என்றால் பேச மாட்டார். அந்த அவஸ்தையைப் பட்டவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

எனக்கு நெரவியில் மரப்பட்டறை. கதவு, ஜன்னல், கட்டில் எல்லாம் செய்வேன். கட்டில் கால்களை மட்டும் டி.ஆர். பட்டினத்து ஜக்கரியா பாயிடம் கொண்டுபோவேன். அவர் கடைசல்காரர். மரத்தை மெஷினில் சுழலவிட்டு, உளியை வைத்து வளையம் வளையமாக உருட்டித் தருவார். இருபது வருஷப் பழக்கம். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். ஆனாலும் "செல்வம், வாங்க, உக்காருங்க" என்றுதான் பேசுவார். அந்த மெஷின் போடுகிற இரைச்சலுக்கு மேலே பேசுவார். ஒரு கட்டில் கால் முடிவதற்குள் துபாய் மச்சான், மீன் விலை, மாமியார் வீட்டு வழக்கு மூன்றும் முடிந்திருக்கும். அப்படிப் பேசிப் பேசியே தொண்டைக்குள் ஒரு முடிச்சு வந்துவிட்டது. தஞ்சாவூரில் ஆபரேஷன் நடந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது, முணுமுணுக்கக்கூடக் கூடாது, மீறினால் குரலே போனாலும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தலைமாடு, கால்மாடு

ஆபரேஷன் ஆன ஐந்தாம் நாள் கட்டில் கால் வாங்கப் போனேன். பாய் ப்ளைவுட் துண்டுகளில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். பேசுவது போலவேதான் எழுதினார். ஒரு துண்டு நிறைந்தால் திருப்பிப் பின்பக்கம், அதுவும் நிறைந்தால் அடுத்த துண்டு. "வாங்க" என்பதற்கு மட்டும் நிரந்தரமாக ஒரு துண்டை ஆணியில் மாட்டியிருந்தார். நான் நுழைந்ததும் எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி மாட்டினார்.

பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு விசிலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பூவரச மரம். கட்டைவிரல் நீளம்தான். கட்டில் காலில் போடுகிற அதே வளையங்களைப் பொடியாக அதில் போட்டிருந்தார். உள்ளே மிளகளவு ஒரு மர உருண்டை. என்ன கதை என்று ப்ளைவுட்டில் எழுதிக் காட்டினார். பேச முடியாததால் ஆட்களைக் கூப்பிட விசில் செய்தாராம். ஒரு விசிலுக்கு டீ, இரண்டுக்கு ஆள் வர வேண்டும், மூன்றுக்குப் போனை எடுக்க வேண்டும். எல்லாம் தயாரான பிறகு அவர் மனைவி மைமூன் அக்கா டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். டாக்டர், ஊதவும் கூடாது என்று சொல்லிவிட்டாராம். பட்டறையில் வேலை பார்க்கும் இரண்டு பேரும் ஊதிவிட்டு "சூப்பர் பாய்" என்றார்கள். மைமூன் அக்காவும் ஊதிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்றார். பாய்க்கு மூன்று பேர் மேலும் நம்பிக்கை இல்லை. மரம் தெரிந்த ஒருத்தன் ஒரு வாரம் வைத்திருந்து சொல்ல வேண்டும். வண்டிச் சத்தத்தில் கேட்கிறதா, எத்தனை தூரம் கேட்கிறது, எச்சில் பட்டால் என்ன ஆகிறது, இந்த மூன்றும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

வாயில் வைத்து ஊதினேன். 'புஸ்' என்று காற்று போனது. கன்னத்தை உப்பி இன்னொரு முறை ஊதினேன். மறுபடியும் புஸ். பாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு புதிய துண்டு ஒன்றை எடுத்து நிதானமாக எழுதி நீட்டினார்: "செல்வம், கட்டிலுக்கே தலைமாடு கால்மாடு இருக்கு. விசிலுக்கு இருக்காதா? திருப்பிப் பிடிங்க."

அஞ்சு விசில்

திருப்பிப் பிடித்து ஊதியபோது வந்தது குயில் சத்தமும் இல்லை, ரயில் சத்தமும் இல்லை. இது எங்கேயோ கேட்ட சத்தமாக இருக்கிறதே என்று வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். மறுநாள்தான் தெரிந்தது.

என் பட்டறைக்குப் பின்பக்கம் தனம் வீட்டுச் சமையலறை. நடுவில் ஒரு சுவர்தான். அன்றைக்குத் தனத்தின் பெண்ணைப் பார்க்க மயிலாடுதுறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். எனக்கும் அழைப்பு உண்டு. பக்கத்து வீட்டுப் பெரிய மனுஷன் என்று ஒருவர் உட்கார வேண்டும் இல்லையா? சட்டை மாற்றப் போகும் முன் கையில் இருந்த வேலையை முடித்துவிடலாம் என்று விசிலை மெதுவாக ஒரு முறை, நடுத்தரமாக ஒரு முறை, பலமாக ஒரு முறை ஊதிப் பார்த்தேன். திருப்தியாக இருந்தது. முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

கேசரி வந்தது, சுண்டல் வந்தது. ஒரு கொண்டைக்கடலையைக் கடித்தேன். தேக்கில் முடிச்சு விழுந்த இடத்தில் இழைப்புளி மோதுமே, அந்த மாதிரி இருந்தது. சுற்றிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அப்பா ஒரு பக்கக் கன்னத்தில் கடலையை ஒதுக்கி வைத்திருந்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு மென்றார். யாரும் வாய் திறந்து பேச முடியவில்லை. கால் மணி நேரம் கூடத்தில் 'கடக் கடக்' என்பதைத் தவிர ஒரு சத்தம் இல்லை. இவ்வளவு அமைதியான குடும்பத்தைப் பார்த்ததே இல்லை என்று மாப்பிள்ளை வீட்டார் சந்தோஷமாகச் சம்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள், அது வேறு விஷயம். நான் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனபோது தனம் பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டது: "அண்ணே, பூ கட்டிக்கிட்டே குக்கர எண்ணுனேன், அஞ்சு விசில் வந்துச்சு. அதுல உங்களது எத்தனைன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

பூஜை அறைக் கதவு

கதவுக்குச் சொல்லிவைத்திருந்த ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியர், மூன்றாவது தவணையாக வந்தார். பூஜை அறைக்கு மணி வைத்த இரட்டைக் கதவு. மணி வாங்கியாகிவிட்டது, கதவுதான் பாக்கி. நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன். விசிலுக்குள் எச்சில் பட்டுப் பட்டு உருண்டை சிக்கிக்கொள்வதை அன்றைக்குத்தான் முதலில் கவனித்தேன். பூவரசு ஈரம் பட்டால் லேசாக உப்பும். பாய்க்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் எப்படி விட்டார்? இதை அவரிடம் எப்படிச் சொல்வது? இந்த யோசனையில் விசிலை வாயில் வைத்து, உருண்டையை வெளியே தள்ளப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன செல்வம், கதவு முடிஞ்சுதா?" என்று அவர் கேட்க, நான் திரும்பிய அதே விநாடி உருண்டை விடுபட்டு, 'பீ...' என்று நீளமாக ஒரு விசில் அவர் முகத்துக்கு நேராகப் போனது. அவர் குடையை மடக்கினார். மூன்று தலைமுறைப் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றிய கண்களால் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கதவு எங்கேன்னு கேட்டா விசிலடிக்கிறீங்க. சரி, நான் கை தட்டட்டுமா?"

ரெண்டு விசில்னா ரைட்

காரைக்காலில் கீல், கொண்டி எல்லாம் வாங்கிக்கொண்டு நாகப்பட்டினம் போகிற பஸ் ஒன்றில் ஏறினேன். டி.ஆர். பட்டினத்தில் இறங்கி பாய்க்கு முதல் அறிக்கை கொடுப்பதாகத் திட்டம். பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. கண்டக்டர் கீழே இறங்கி மீன்கூடையைக் கூரையில் ஏற்றிக் கட்டிவிட்டு, எதிர்க்கடையில் டீ வாங்கினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டிச் சத்தத்தில் கேட்கிறதா என்று பாய் கேட்டிருந்தாரே, இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று தோன்றியது. கையால் பொத்திக்கொண்டு மெதுவாக ஒரு ஊது ஊதினேன். யாரும் திரும்பவில்லை. கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு முறை ஊதினேன்.

பஸ் பறந்தது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், கண்டக்டர் டீக் கிளாஸோடு ஓடி வருகிறார். "டிரைவர், நிறுத்துங்க" என்று நாலு பேர் கத்தினார்கள். நாங்கள் கத்தக் கத்த, டிரைவர் ஏதோ தகராறு, போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போய் நிறுத்துவோம் என்று நினைத்து இன்னும் மிதித்தார். எனக்குப் பின்சீட்டில் இருந்த மீன்காரம்மாதான் என் தோளைத் தட்டி, "கிளப்பி வுட்டது நீங்கதானே? நீங்களே நிறுத்துங்க" என்றது. வேறு வழியில்லாமல் ஒரே ஒரு விசில் ஊதினேன். வண்டி கட்டுப்பட்டு நின்றது.

கண்டக்டர் யாரோ ஒருவரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தார். கையில் டீக் கிளாஸ் அப்படியே இருந்தது, டீ இல்லை. நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் விசிலை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். டிரைவர் இருக்கும் பக்கம் திரும்பினார். அவருக்குக் கோபத்தைவிட மனவருத்தம்தான் அதிகம் இருந்தது. பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்: "ரெண்டு வருஷமா நான் ஊதுனா, கண்ணாடியப் பாத்து, மீசையத் தடவி, அதுக்கப்புறம்தான் வண்டிய எடுப்பாரு. இவரு ஊதுனா ஒரே மிதி!"

மைமூன் அக்கா

பாயிடம் தனம் வீட்டுச் சுண்டலையும் பஸ் கதையையும் சொன்னேன். சத்தம் வராமல் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். தோள் குலுங்குகிறது, கண்ணில் நீர் வருகிறது, வாயை மட்டும் துண்டால் இறுக்கிப் பிடித்திருக்கிறார். பிறகு பலகையை எடுத்து, "குறை என்ன? குறையச் சொல்லுங்க" என்று எழுதினார். எச்சில் பட்டால் உப்புகிறது, உருண்டை சிக்குகிறது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் எழுதிவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார் மனுஷன். பேச்சை இழந்து உட்கார்ந்திருப்பவரிடம், நீ செய்ததும் சரியில்லை என்று எப்படிச் சொல்வது? "ஒரு குறையும் இல்ல பாய்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. எனக்குத்தான் நெஞ்சில் உருண்டை சிக்கியது.

கிளம்பும்போது மைமூன் அக்கா வாசல்வரை வந்தார். வீடு அமைதியாக இருக்குமே, உங்களுக்கு நிம்மதிதானே என்று விளையாட்டாகக் கேட்டேன். அக்கா பட்டறைப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டார். "மொத ரெண்டு நாளு நிம்மதியாத்தான் இருந்துச்சு தம்பி. மூணாம் நாளு அவரு தூங்குறப்ப, மூச்சு விடுறாரான்னு பக்கத்துல போயிப் பாத்தேன்."

மணலில் எழுதியது

எத்தனை தூரம் கேட்கிறது என்று பார்க்க ஒரு மாலை பட்டினச்சேரிக் கடற்கரைக்குப் போனோம். பாய் தண்ணீர் ஓரமாக ஒரு படகின் நிழலில் உட்கார்ந்துகொள்வார். நான் கரையோடு வடக்கே நடந்து, ஐம்பது அடிக்கு ஒரு தரம் ஊதுவேன். கேட்டால் சிவப்புத் துண்டைத் தூக்கிக் காட்டுவார். ஐம்பதில் துண்டு உயர்ந்தது. நூறில் உயர்ந்தது. நூற்றைம்பதில் துண்டு உயர்ந்தபோது, படகுக்குப் பின்னால் இருந்து ஒரு பெரிய கூச்சலும் உயர்ந்தது.

அந்தப் பக்கம் கபடி நடந்துகொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. பாடிப் போனவரை எதிரணி மூன்று பேர் மடக்கியிருக்கிறார்கள். அவர் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து என் விசில். ஆட்டம் நின்றுவிட்டது என்று அவர் பாட்டை விட்டுவிட்டார், அமுக்கிவிட்டார்கள். நடுவர் "நான் ஊதலைய்யா" என்று தன் விசிலைக் காட்டுகிறார். அப்போது ஒருவன் சுற்றிலும் பார்த்திருக்கிறான். பெரியவர் ஒருவர் படகோரம் உட்கார்ந்து சிவப்புத் துண்டை உயரத் தூக்கிப் பிடித்திருக்கிறார். "அந்தா, அவருதான் அவுட்டு குடுத்தாரு!" என்று இரண்டு அணியும் பாயிடம் ஓடியது.

நான் மணலில் கால் புதையப் புதைய ஓடி வருகிறேன். பாயைச் சுற்றிப் பதினாலு பேர். "நீங்க யாரு அவுட்டு குடுக்க?" என்று ஒரு கட்சி, "பெரியவரு குடுத்தது குடுத்ததுதான்" என்று இன்னொரு கட்சி. பாய் தொண்டையைத் தொட்டுக் காட்டுகிறார், கையை ஆட்டுகிறார். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் ஒரு குச்சியை எடுத்து ஈர மணலில் எழுத ஆரம்பித்தார். எல்லோரும் குனிந்தார்கள். "எனக்குத் தொண்டையில்" என்று எழுதியதும் அலை வந்து அழித்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து, "எனக்குத் தொண்டையில் ஆப" என்று எழுதினார். அலை. மூன்றாவது முறை இன்னும் வேகமாக எழுதினார். அதற்குள் ஒரு அணி எழுத்தையும் இன்னொரு அணி அலையையும் பார்த்து, "சீக்கிரம், சீக்கிரம், வருது வருது" என்று அவரை உற்சாகப்படுத்தத் தொடங்கியிருந்தது. சண்டை போன இடம் தெரியவில்லை. நான் மூச்சிரைக்க வந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், அமுக்கப்பட்டவர் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்: "பாய், அடுத்த தடவ எழுதுனா மேட்டுல எழுதுங்க. இல்லாட்டி அலைக்கும் சேத்து விசில் ஊதச் சொல்லுங்க, நிக்குதான்னு பாப்போம்."

பதினெட்டாம் நாள்

விசிலை எங்கேயாவது விட்டுவிடுவேன் என்று நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தேன். மெஷின் பக்கம் போகும்போது கழுத்தில் கையில் ஒன்றும் தொங்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு நானே நூறு தரம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பாய் பட்டறையில் ஒரு கட்டில் காலில் வளையம் ஆழமாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, ஓடிக்கொண்டிருந்த மெஷின் மேல் குனிந்தேன். பாய் எதிர்ப்பக்கம் உளி தீட்டிக்கொண்டிருந்தார்.

விசில் ஊசலாடுவது எனக்குத் தெரியவில்லை. நூல் சுழலும் மரத்தில் சுற்றியதும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரு குரல்தான். பதினெட்டு நாளாகக் கேட்காத குரல். தகரத்தைக் கிழித்த மாதிரி வந்தது: "டேய் செல்வம், கழுத்துடா!" இருபது வருஷத்தில் என்னை நீங்க, வாங்க என்பதைத் தவிர வேறு சொல்லாத மனுஷன். அந்த 'டேய்' என்னைப் பிடித்துப் பின்னால் தள்ளியது. நூல் பிடரியில் வெட்டிக்கொண்டு அறுந்தது. விசில் பறந்துபோய்ச் சுருள் தூளுக்குள் விழுந்தது. பாய் எட்டி மெஷினை அணைத்தார்.

பாய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். முகம் வெளுத்துவிட்டது. என் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு எரிந்தது. அதைவிட, என் ஒருத்தன் அசட்டுத்தனத்தால் இவர் குரல் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற பயம்தான் எரிந்தது. வீட்டுக்குள்ளிருந்து மைமூன் அக்கா ஓடி வந்தார். "பேசுனீங்களா?" என்றார். பாய் இல்லை என்று தலையாட்டினார். "நான்தான் அக்கா கத்துனேன்" என்றேன். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்ட வாயெடுத்தவருக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பொய் சொல்லாதீங்க தம்பி. கரகரன்னு இருந்தாலும் அது அவரு கொரலுதான். எனக்குத் தெரியாதா?"

தீர்ப்பு

அடுத்த மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தோராம் நாள் தஞ்சாவூருக்கு நானும் கூடப் போனேன். டாக்டரிடம் பாய் முன்கூட்டியே எழுதி எடுத்துவந்த தாளை நீட்டினார். "பேசியது மூன்று சொல். ஒரு சொல்லுக்கு வெட்கப்படுகிறேன்" என்று இருந்தது. டாக்டர் குழாயைவிட்டுப் பார்த்தார். நேரமானது. மைமூன் அக்கா உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தார். காயம் நன்றாக ஆறியிருக்கிறது, ஒரு தடவை கத்தியதால் எதுவும் ஆகவில்லை, இனிமேல் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் பேச வேண்டும், மெதுவாகப் பேச வேண்டும் என்றார் டாக்டர். பாய் தொண்டையைத் தொட்டுக்கொண்டு, ரொம்பத் தாழ்ந்த குரலில், "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அக்காவுக்கு மறுபடியும் முந்தானை தேவைப்பட்டது.

ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது என் பக்கம் திரும்பினார். "செல்வம், இப்ப மறைக்காம சொல்லுங்க. விசில்ல என்ன குறை?" எனக்கு இனிமேல் தாங்காது. எச்சில் பட்டால் மரம் உப்புகிறது, உருண்டை சிக்குகிறது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். "அத ஏன் மொதல்லயே சொல்லல?" என்றார். ஆரம்பித்தது. தஞ்சாவூரிலிருந்து காரைக்கால்வரை பேசினார். உருண்டை சிக்கவே சிக்காது, என் எச்சில்தான் சரியில்லை. வெற்றிலை போட்டுவிட்டு ஊதினேனா. ஊதத் தெரியாதவன் கையில் கொடுத்தது தன் தவறு. எல்லாம் தாழ்ந்த குரலில்தான். அதனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்க நான் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது.

போன வாரம் போயிருந்தேன். உருண்டையை எடுத்துவிட்டு, உள்ளே மெழுகு பூசி விசிலைத் திருத்தியிருந்தார். அது மெஷின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. மெஷின் ஓடும்போது பாய் என்னிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மைமூன் அக்கா உள்ளே வந்து, விசிலை எடுத்து, நன்றாக ஒரு ஊது ஊதிவிட்டு மாட்டிவிட்டுப் போனார். தெருக்கோடிவரை கேட்டிருக்கும். பாய் மெஷினை நிறுத்தினார். சத்தம் அடங்கக் காத்திருந்து, மெதுவாகச் சொன்னார்: "வாயத் தொறக்க முடியலன்னு இதச் செஞ்சேன் செல்வம், இப்ப என் வாய மூடத்தான் ஊதுறா. இருந்தாலும் சத்தம் சுத்தமா இருக்குல்ல?"

என்னைக் கேட்டால், நண்பர் செய்த பொருளில் குறை இருந்தால் அவர் வாயைத் திறக்க முடியாத நாட்களிலேயே சொல்லி முடித்துவிட வேண்டும். முழுசாக இரண்டு வாரம் கிடைத்தும் நான் அதை விசிலடித்தே வீணாக்கிவிட்டேன்.